நீதி கேட்டவர் நடுவர் ஆனார்!
எத்தியோப்பிய சக்கரவர்த்தி ஹெய்லி செலாசியின் கதை

1936-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி.

ஜினீவா நகரில் சர்வதேச சங்கத்தின் கூட்டம். உலக நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்த உடலும் கறுத்த தாடியும் கொண்ட ஒருவர் பேச எழுந்தார்.

உடனே மாடத்தில் இருந்த இத்தாலியப் பத்திரிகைக்காரர்கள் விசில் அடித்தார்கள். கூச்சல் போட்டார்கள். காவலர்கள் வந்து அவர்களை வெளியேற்றினார்கள்.

அவர் அசையவில்லை. கூச்சல் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு தன் தாய்மொழியான அம்ஹாரிக்கில் பேசினார்.

அவர்தான் எத்தியோப்பியாவின் சக்கரவர்த்தி ஹெய்லி செலாசி. நாட்டைப் பறிகொடுத்துவிட்டு, நீதி கேட்க வந்திருந்தார்!

கைவிட்ட சங்கம்

இவர் 1892-ல் பிறந்தவர். இயற்பெயர் தஃபாரி. தந்தை ஹரார் என்ற பகுதியின் ஆளுநர். 1930-ல் தஃபாரி முடி சூடினார். அப்போது ஹெய்லி செலாசி என்ற பெயரை ஏற்றார்.

எத்தியோப்பியாவுக்கு அபிசீனியா என்றும் பெயர் உண்டு. 1923-ல் அது சர்வதேச சங்கத்தில் சேர்ந்தது. ஓர் அங்கத்தினரை யாராவது தாக்கினால், மற்ற அங்கத்தினர்கள் துணைக்கு வரவேண்டும். இதுதான் சங்கத்தின் விதி.

1935 அக்டோபரில் இத்தாலியின் முசோலினி படையெடுத்தார். இத்தாலிய விமானங்கள் விஷப்புகையைக் கொட்டின. மக்கள் மாண்டார்கள். ஆடு மாடுகளும் செத்து விழுந்தன.

சங்கம் என்ன செய்தது? இத்தாலியுடன் சில வியாபாரங்களை நிறுத்தியது. ஆனால் எண்ணெயை நிறுத்தவில்லை. எண்ணெய் இல்லாமல் விமானம் பறக்குமா? சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. இத்தாலியக் கப்பல்கள் அதன் வழியாகத்தான் போய்வந்தன.

1936 மே 5-ந் தேதி தலைநகர் அடிஸ் அபாபா விழுந்தது. ஜினீவாவில் அவர் பேசிய பிறகும் பயன் இல்லை. இருந்த தடைகளையும் சங்கம் நீக்கிவிட்டது!

சக்கரவர்த்தி இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் அகதியாக வாழ்ந்தார். இரண்டாவது உலகப்போரில் காலம் மாறியது. பிரிட்டிஷ் படைகளின் துணையோடு, 1941 மே 5-ந் தேதி தலைநகருக்குத் திரும்பினார். நகரம் விழுந்து சரியாக ஐந்து ஆண்டுகள்!

புதிய பஞ்சாயத்து

ஆண்டுகள் ஓடின. ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றன. ஆனால் அவற்றுக்குள் இரண்டு கோஷ்டிகள் இருந்தன. உடனே ஒன்றுபட வேண்டும் என்றது ஒன்று. மெதுவாகப் போகலாம் என்றது மற்றொன்று.

இரண்டு கோஷ்டிகளையும் ஹெய்லி செலாசி தன் தலைநகருக்கு அழைத்தார். 1963 மே 25-ந் தேதி, 32 நாடுகள் சேர்ந்து ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை உருவாக்கின. அடிஸ் அபாபாவே அதன் தலைமையிடம் ஆயிற்று.

குழந்தை பிறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சோதனை வந்துவிட்டது.

பாலைவனத்தில் சண்டை

மொராக்கோவும் அல்ஜீரியாவும் அண்டை நாடுகள். இரண்டையும் முன்பு ஆண்டது பிரான்சு. பாலைவனத்தில் எல்லை எது என்பது தெளிவாக இல்லை. வரப்பு இல்லாத இரண்டு வயல்களைப் போல!

1963 அக்டோபரில் துப்பாக்கிகள் முழங்கின.

யார் தடுப்பது? புதிய அமைப்பிடம் படை இல்லை. பணமும் அதிகம் இல்லை. சமரசக் குழு ஒன்று அமைக்கவேண்டும் என்று சாசனத்தில் எழுதியிருந்தார்கள். அந்தக் குழுவோ இன்னும் அமைக்கப்படவே இல்லை!

அரபு நாடுகளின் சங்கம் சமரசத்துக்கு முன்வந்தது. அதில் எகிப்து முக்கியமான நாடு. அந்த எகிப்தோ அல்ஜீரியாவுக்கு உதவிக்கொண்டிருந்தது. ஆகவே மொராக்கோ அந்தச் சமரசத்தை ஏற்கவில்லை. ஒரு பக்கம் சாய்ந்தவரை நடுவர் என்று யார் ஒப்புவார்கள்?

ஹெய்லி செலாசியும், மாலி நாட்டின் தலைவர் மொதிபோ கெய்ட்டாவும் முன்வந்தார்கள். மாலியின் தலைநகர் பமாக்கோவில், மொராக்கோ மன்னர் ஹசனையும் அல்ஜீரியத் தலைவர் பென் பெல்லாவையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். அக்டோபர் 30-ந் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. சண்டையை நிறுத்துவது, எத்தியோப்பிய, மாலி அதிகாரிகள் மேற்பார்வை பார்ப்பது என்று முடிவாயிற்று.

பிறகு ஏழு நாடுகளின் குழு ஒன்று எல்லைத் தகராறை ஆராய்ந்தது. பேச்சு நீண்டது, ஆனால் பெரும்போர் மூளவில்லை. 1972-ல் இரு நாடுகளும் எல்லை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

ஊருக்கு உபதேசம்?

1964-ல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கெய்ரோவில் ஒரு முடிவு செய்தார்கள். விடுதலை நாளில் எந்த எல்லை இருந்ததோ, அதையே எல்லாரும் மதிக்கவேண்டும். ஒன்றைத் திருத்தினால் நூறு தகராறு கிளம்பும் என்ற அச்சமே காரணம்.

இந்த முடிவை மொராக்கோவும் சோமாலியாவும் ஏற்கவில்லை. அந்த ஆண்டிலேயே எத்தியோப்பியாவும் சோமாலியாவும் ஒகாடன் பகுதிக்காக மோதியிருந்தன. இப்போது நடுவரே வழக்காளி! பழைய எல்லை அவருக்குத்தான் லாபம். அமைப்பின் முயற்சியாலும், சூடான் நாட்டின் சமரசத்தாலும் சண்டை நின்றது. பகை தீரவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் பிறர் தலையிடக் கூடாது என்பது சாசனத்தின் விதி. எரித்திரியா, எத்தியோப்பியாவுடன் கூட்டாட்சியில் சேர்க்கப்பட்ட நாடு. 1962-ல் சக்கரவர்த்தி அதன் தனி உரிமையை நீக்கி, தன் மாகாணம் ஆக்கிவிட்டார். எரித்திரியர்கள் ஆயுதம் ஏந்திப் போராடினார்கள். அமைப்பு வாய் திறக்கவில்லை. ஜினீவாவில் சிறிய நாட்டுக்கு நீதி கேட்டவர், இங்கே கேட்க மறுத்தார். எரித்திரியா தனி நாடாவதற்கு 1993 வரை ஆயிற்று.

1973-ல் வல்லோ பகுதியில் கொடும் பஞ்சம். அரசு அதை மறைத்தது. மக்கள் கொதித்தார்கள். 1974 செப்டம்பரில் ராணுவம் சக்கரவர்த்தியைப் பதவியிலிருந்து இறக்கி, ஒரு சிறிய வோக்ஸ்வேகன் காரில் ஏற்றிச் சென்றது. 1975 ஆகஸ்டில், காவலில் இருந்தபடியே மாண்டார்.

விட்டுச் சென்றது

1977-ல் ஒகாடனில் மீண்டும் போர் வெடித்தது. அமைப்பால் தடுக்க முடியவில்லை. சோவியத் ஆயுதங்களும் கியூபா வீரர்களுமே முடிவைத் தீர்மானித்தார்கள். பெரிய வல்லரசுகள் புகுந்துவிட்டால், பஞ்சாயத்தின் குரல் எடுபடுவது இல்லை.

2002-ல் அந்த அமைப்பு ஆப்பிரிக்க ஒன்றியமாக மாறியது. இனப்படுகொலை போன்ற கொடுமை நடந்தால் தலையிடலாம் என்று புதிய விதி எழுதினார்கள். பழைய மௌனத்தால் கற்ற பாடம் அது.

2019-ல் ஒன்றியத்தின் தலைமையிடத்தில் ஹெய்லி செலாசிக்குச் சிலை வைத்தார்கள்.

சண்டைக்காரர்கள் இருவரும் நம்பும் நடுவர் வேண்டும். அந்த நடுவர், தன் வீட்டு வழக்கிலும் அதே நீதிக்குக் கட்டுப்பட வேண்டும். முதலாவதை அவர் பமாக்கோவில் செய்து காட்டினார். இரண்டாவதை எரித்திரியாவில் செய்யத் தவறினார்.