ஆலிஸ் பால் அம்மையார்

தொழுநோயுற்றோரை ஊரைவிட்டு ஒதுக்கி வைக்கும் வழக்கம் முற்காலத்தில் பல நாடுகளில் இருந்தது. பசிபிக் பெருங்கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளில் அது சட்டமாகவே இருந்தது. 1866ஆம் ஆண்டு முதல் நோயுற்றோரைப் பிடித்து, மொலோக்காய்த் தீவில் செங்குத்தான மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு நிலப்பகுதிக்கு அனுப்பி வந்தனர். அங்குச் சென்றவர் மீள்வது அரிது. பெற்றோரைப் பிரிந்து சென்ற சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர்.

இத்துயரைக் குறைக்க வழி கண்டவர் ஆலிஸ் பால் அம்மையார். இவர் 1892ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள சியாட்டில் நகரில், கறுப்பர் இனக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1912இல் மருந்து வேதியியலிலும், 1914இல் மருந்தாக்கவியலிலும் பட்டம் பெற்றார். முன்னது மருந்துப் பொருளின் இயல்பை அறியும் கல்வி. பின்னது அப்பொருளை நோயாளியின் உடல் ஏற்கும் வண்ணம் பக்குவப்படுத்தும் கல்வி. இவ்விரண்டையும் ஒருவரே கற்றிருந்தது பின்னர்ப் பெரும்பயன் விளைத்தது. அடுத்து ஹவாய்க் கல்லூரியில் சேர்ந்து, மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த காவாச் செடியின் வேரை ஆராய்ந்து, 1915இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அங்கு அப்பட்டம் பெற்ற முதற்பெண் இவரே. அக்கல்லூரியிலேயே வேதியியல் கற்பிக்கவும் தொடங்கினார்.

அந்நாளில் ஹோனலூலு நகரின் காலிஹி மருத்துவமனையில் ஹாரி ஹால்மன் என்னும் மருத்துவர் தொழுநோயாளரைக் கவனித்து வந்தார். அவர் சால்மூக்ரா எண்ணெயைப் பயன்படுத்தினார். நம் நாட்டு வைத்தியர் பன்னெடுங்காலமாகக் கையாண்டு வந்த நீரடிமுத்தும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. எண்ணெயில் குணம் இருந்தது. ஆயினும் அதனைச் செலுத்துவதுதான் அரிதாயிற்று. உட்கொண்டால் குமட்டி வாந்தியாயிற்று. ஊசியின் வழியே செலுத்தினாலோ, தடித்த அவ்வெண்ணெய் உடலில் கலவாமல் தோலின்கீழ்க் கட்டிகளாகத் தங்கி நோவு தந்தது. மருத்துவர் ஆலிஸின் உதவியை நாடினார்.

ஆலிஸ் பகலில் வகுப்பும் நடத்தி, ஆராய்ச்சியும் செய்தார். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்து, அவற்றை எத்தில் எஸ்டர்களாக மாற்றினார். அவை நீர்த்தவை, ஊசி வழியே எளிதிற் சென்று உடலில் பரவக்கூடியவை. பல நூற்றாண்டுகளாகத் தீராதிருந்த இடர்ப்பாட்டை அவர் தீர்த்தபோது அவருக்கு வயது இருபத்துமூன்றே!

ஆனால் அம்முறையைக் கட்டுரையாக்கி வெளியிட அவருக்கு ஆயுள் இல்லை. நோயுற்றுச் சியாட்டில் திரும்பியவர், 1916 டிசம்பர் 31ஆம் நாள் இருபத்துநான்காம் வயதில் மறைந்தார். கல்லூரியின் வேதியியல் அறிஞர் ஆர்தர் டீன் அப்பணியைத் தொடர்ந்து, மருந்தினை மிகுதியாகச் செய்து பிற நாடுகளுக்கும் அனுப்பினார். அது நற்பணியே. எனினும் தாம் வெளியிட்ட கட்டுரைகளில் ஆலிஸின் பெயரை அவர் குறிக்கவில்லை. அம்முறை டீன் முறை என்றே வழங்கலாயிற்று. இறந்தவர் எழுந்து வந்து வழக்குரைக்க இயலுமா? 1922இல் ஹால்மன் தம் கட்டுரையில் அதனைப் பால் முறை என்று குறித்து, உண்மையைப் பதிவு செய்தார். அக்குரல் அன்று பலர் செவியில் விழவில்லை.

அம்மருந்து எல்லாரையும் முற்றக் குணப்படுத்திவிடவில்லை. சிலருக்கு நோய் மீண்டும் தோன்றியது. ஆயினும் 1940களில் சல்போன் மருந்துகள் வரும்வரை அதனினும் சிறந்தது வேறில்லை. காலிஹி மருத்துவமனையிலிருந்து மட்டும் 78 பேர் வீடு திரும்ப அனுமதி பெற்றனர்.

பிற்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் பழைய ஏடுகளைத் தேடி ஆலிஸின் பணியை வெளிக்கொணர்ந்தனர். 2000ஆம் ஆண்டில், ஹவாய்ப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள சால்மூக்ரா மரத்தடியில் அவர் பெயர் பொறித்த பட்டயம் வைக்கப்பெற்றது.