குடியிலிருந்து தப்பிக்க இன்னொரு குடிகாரரைத் தேடியவர்... பில் வில்சனின் கதை!

1935, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் ஆக்ரன் என்று ஒரு டயர் நகரம். அங்கே மேஃப்ளவர் ஹோட்டல் லாபியில் 39 வயது பில் வில்சன் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நியூயார்க்கில் இருந்து எந்த பிசினஸை நம்பி வந்தாரோ, அது ஊத்திக்கிச்சு. பாக்கெட்டில் சுமார் பத்து டாலர். ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். குடியை விட்டு ஐந்தே மாதம்தான் ஆகியிருந்தது.

நீங்க அந்த இடத்துல இருந்தா யாருக்கு போன் போடுவீங்க? வீட்டுக்கு? நண்பனுக்கு? பில் போன் போட்டது முன்பின் தெரியாத ஒரு பாதிரியாருக்கு. ஆக்ரனில் குடியை விட முடியாமல் தவிக்கிற யாராவது இருந்தால், தான் உடனே அவரிடம் பேச வேண்டும் என்று கேட்டார். விநோதமான கோரிக்கைதான். அதுக்குப் பின்னாடி பெரிய கதை இருக்கு.

பில் பிறந்தது 1895-ல், வெர்மான்ட் மாகாணத்தின் ஈஸ்ட் டார்செட் என்ற குட்டி ஊரில். பத்து வயசு வாக்கில் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட, அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். பள்ளியில் காதலித்த பெண், ஆபரேஷனுக்குப் பிறகு திடீரென இறந்துபோனாள். அதன்பின் பல மாதங்கள் அவரால் படிக்கவும் முடியவில்லை, எழுந்து நடமாடவும் பிடிக்கவில்லை. டிப்ரஷன் என்று இன்னிக்கு நாம சொல்ற அந்த இருட்டு அப்பவே ஆரம்பிச்சிருச்சு. குடி வந்து சேர்ந்தது அதுக்கும் அப்புறம்தான்.

முதல் உலகப்போர் சமயத்தில், ராணுவ அதிகாரியாக இருந்தபோது ஒரு பார்ட்டியில் முதல் கிளாஸ். கூச்ச சுபாவம் காணாமல்போனது. பிறகு வால் ஸ்ட்ரீட்டில் பங்குகளை ஆராய்ந்து சொல்லும் வேலை, கைநிறையக் காசு, அதைவிட அதிகமான குடி. 1929-ல் சந்தை சரிந்தபோது எல்லாம் போனது. மனைவி லோயிஸ் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வேலைக்குப் போய்க் குடும்பத்தை ஓட்டினார். பில், லோயிஸின் அப்பா வீட்டில் பாட்டில்களை ஒளித்து ஒளித்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைய அமெரிக்காவில் குடிநோயாளிக்குப் போக்கிடம் கம்மி. ஏழை என்றால் ஜெயில் அல்லது மனநலக் காப்பகம். பணம் இருந்தால் தனியார் ஆஸ்பத்திரி. பில்லுக்குத் தங்கையின் கணவர் டாக்டர் என்பதால், அவர் தயவில் நியூயார்க்கின் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் சேர முடிந்தது. அங்கே இருந்த டாக்டர் சில்க்வொர்த், இது ஒழுக்கக்கேடு இல்லை, நோய் என்று புரியவைத்தார். புரிந்தது. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பிய பில் மறுபடி குடித்தார்.

1934 நவம்பரில் எபி தாட்சர் என்ற பழைய குடித்தோழர் வீட்டுக்கு வந்தார். பில் கிளாஸை நீட்ட, எபி வேண்டாம் என்றுவிட்டார். ஒரு கிறிஸ்தவக் குழுவின் உதவியால் குடியை விட்டிருந்தார் அவர். எத்தனையோ பேர் சொன்ன புத்திமதி ஏறாத பில்லின் மண்டையில் எபியின் பேச்சு ஏறியது. கூடவே உட்கார்ந்து குடிச்சவனாச்சே! அடுத்த மாதமே பில் நான்காவது முறையாக டவுன்ஸில் சேர்ந்தார். அறையே ஒளியால் நிரம்பியதுபோன்ற ஓர் அனுபவம் அங்கே கிடைத்ததாகப் பின்னாளில் விவரித்தார். அது ஆன்மிகமா, மருந்தின் வேலையா என்று இன்னிக்கும் பட்டிமன்றம் நடக்குது. அதுக்கப்புறம் அவர் குடிக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

வெளியே வந்தவர் கண்ணில் பட்ட குடிகாரர்களையெல்லாம் திருத்தக் கிளம்பினார். ஐந்து மாதத்தில் ஒருத்தரும் திருந்தவில்லை. மனைவியிடம் புலம்பியபோது லோயிஸ் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார்: பில் குடிக்காமல் இருக்கிறாரே! மற்றவர்களிடம் பேசப்போன அந்த மாதங்களில் தப்பித்தது அவர்தான். பிரசங்கம் பண்ணாதே, உனக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல் என்பது டாக்டர் சில்க்வொர்த்தின் அறிவுரை.

இப்போ அந்த லாபி புரியுதா? அன்னிக்கு பில்லுக்கு யாரையும் காப்பாத்தணும்னு ஆசை இல்லை. தன்னைக் காப்பாத்திக்க ஒரு ஆள் தேவைப்பட்டது.

கை மாறிக் கை மாறி அந்த போன், ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தது. அவருக்குத் தெரிந்த அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் குடியில் மூழ்கிக்கொண்டிருந்தார். பெயர் பாப் ஸ்மித். மறுநாள், அன்னையர் தினம். கை நடுக்கத்தோடு வந்த டாக்டர் பாப், கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பில் அவருக்கு அட்வைஸ் எதுவும் செய்யவில்லை. தான் விழுந்த கதையைச் சொன்னார். இரண்டு பேரும் எழுந்தபோது ஆறு மணி நேரம் ஓடியிருந்தது.

உடனே எல்லாம் சுபம் இல்லை. சில வாரங்களில், ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன பாப் மூக்குமுட்டக் குடித்துவிட்டுத் திரும்பினார். ஜூன் 10 அன்று அவருக்கு ஓர் ஆபரேஷன் இருந்தது. கை நடுங்காமல் இருக்க பில்லே ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். (கேக்கவே பகீர்னு இருக்கு!) அதுதான் பாப்பின் கடைசிக் குடி. அந்தத் தேதியைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

கட்டணம் இல்லை. முழுப்பெயர் சொல்ல வேண்டாம். வேலை போனவர், வீடு இழந்தவர், ஜெயிலில் இருந்து வந்தவர் என யாரும் வந்து நாற்காலியில் உட்காரலாம். கொள்கை அப்படி, ஊர் நிலவரம் வேறு. இனப்பாகுபாடு கொடிகட்டிப் பறந்த நாட்டில் கறுப்பின மக்களுக்கு எல்லாக் கூட்டங்களிலும் இடம் கிடைத்துவிடவில்லை. வாஷிங்டன் போன்ற நகரங்களில் 1945 வாக்கில் அவர்களே தங்களுக்கான குழுக்களை ஆரம்பித்தார்கள்.

டவுன்ஸ் ஆஸ்பத்திரி பில்லுக்குச் சம்பளத்தோடு வேலை தர முன்வந்தது. காசு வாங்கினால் இந்தப் பேச்சு எடுபடாது என்று குழுவினர் மறுக்க, பில்லும் விட்டுவிட்டார். 1939-ல் புரூக்ளின் வீடும் கடனில் போனது. லோயிஸும் அவரும் சுமார் இரண்டு வருஷம் தெரிந்தவர்கள் வீடுகளில் மாறி மாறித் தங்கினார்கள்.

பில்லை மகான் ஆக்கிவிடாதீர்கள். மனைவிக்கு உண்மையாக இருக்கவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். 1944-க்குப் பிறகு, ஆயிரக்கணக்கானோர் அவரால் எழுந்து நின்ற காலத்தில், அவரே படுக்கையைவிட்டு எழ முடியாத டிப்ரஷனில் வருடக்கணக்கில் கிடந்தார். மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போனார். வழிகாட்டியே டாக்டரிடம் போகலாமா என்று சொந்த ஆட்களே முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பு நம்ம ஊர்லயும் கேக்குற குரல்தானே! இன்னொன்று: பல வருஷமாகக் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதுக்கு டாக்டர் கட்டாயம் வேணும்.

குடியை விட்டவரால் சிகரெட்டை விட முடியவில்லை. நுரையீரல் பழுதானது. கடைசி வாரங்களில், 36 வருஷத்துக்குப் பிறகு, நர்ஸ்களிடம் விஸ்கி கேட்டார். கொடுக்கவில்லை. கோபப்பட்டார். 1971, ஜனவரி 24 அன்று இறந்தார். அன்று அவருக்கும் லோயிஸுக்கும் 53-வது திருமண நாள்.

அதன்பிறகுதான் பத்திரிகைகள் அவருடைய முழுப்பெயரோடு ஏஏ நிறுவனர் என்று எழுதின. ஈஸ்ட் டார்செட்டில் இருக்கும் அவருடைய கல்லறைக் கல்லில் ஏஏ பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனால், தேடி வருகிறவர்கள் சும்மா போவதில்லை. எத்தனை நாள், எத்தனை வருஷம் குடிக்காமல் இருக்கிறோம் என்பதற்காகக் கூட்டத்தில் தரப்பட்ட வட்டக் காசு ஒன்றை அந்தக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.