கப்பல் பட்டறையிலிருந்து ராயல் சொசைட்டிக்கு

போன முறை நம் கல்லூரிக்கு வந்திருந்தபோது இறுதியாண்டு தம்பிகள் சிலர் என்னைச் சுற்றி நின்றுகொண்டு ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். ப்ரொடக்ஷனில் சேர்ந்துவிட்டால் அப்புறம் டிசைன் பக்கம் போகவே முடியாதாமே அண்ணே, அதுவும் வெளிநாட்டில் டிசைன் வேலையென்றால் டிப்ளமோக்காரனை யார் மதிப்பார்கள் என்று. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பேரவை ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் எழுதவேண்டும் என்று தோன்றியது. பதில் என்னுடையதல்ல. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் பம்பாயில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கைதான் பதில். அவர் பெயர் அர்தசீர் குர்செட்ஜி வாடியா.

இந்தப் பெயரை நான் முதலில் பார்த்தது ஒரு தபால் தலையில். திருத்தணியில் எங்கள் மாமா வீட்டில் பழைய ஸ்டாம்ப் ஆல்பம் ஒன்று உண்டு. அதில் பார்சித் தலைப்பாகையோடு ஒரு பெரியவர் இருந்தார். 1969ஆம் ஆண்டு இந்திய அரசு வெளியிட்ட தலை அது. அரசியல் தலைவரோ கவிஞரோ என்று நினைத்து விட்டுவிட்டேன். அவர் ஒரு எஞ்சினியர் என்பது நான் வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அர்தசீர் பிறந்தது 1808 அக்டோபர் 6ஆம் தேதி. வாடியா என்றாலே கப்பல் கட்டுபவர் என்றுதான் அர்த்தம். அந்தக் குடும்பத்தின் மூதாதை லவ்ஜி நுசர்வான்ஜி 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டத் தொடங்கினார். அதற்குப் பிறகு தலைமுறை தலைமுறையாக அந்தத் துறையில் தலைமைக் கட்டுநர் பதவி அவர்கள் குடும்பத்திலேயே இருந்தது. மலபார்த் தேக்கில் அவர்கள் கட்டிய கப்பல்கள் ஓக் மரக் கப்பல்களைவிட நீண்ட காலம் உழைக்கும் என்று பெயர் வாங்கியவை. அர்தசீரும் பதினான்கு வயதில், அதாவது 1822இல், அந்தப் பட்டறையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். நம்ம பாஷையில் சொன்னால் ஷாப் ஃப்ளோரில் அப்ரென்டிஸ்.

அங்கே கட்டிய கப்பல்களில் ஒன்றைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் அது. இங்கிலாந்துக் கடற்படைக்காக ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா அதைக் கட்டினார். கப்பல் கட்ட ஆர்டர் கொடுத்தாயிற்று. இங்கே மரமும் ஆளும் தயார். ஆனால் வரைபடம் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். அதைக் கொண்டுவந்த ஜாவா என்ற கப்பலை 1812 டிசம்பரில் அமெரிக்கக் கப்பல் ஒன்று சண்டையில் அழித்துவிட்டது. வரைபடமும் கடலோடு போயிற்று. மறுபடி ஒரு பிரதி வந்து சேர்ந்த பிறகு 1816இல்தான் வேலை தொடங்கியது. 1817 அக்டோபர் 12ஆம் தேதி கப்பல் தண்ணீரில் இறங்கியது. அந்தக் கப்பல் இன்றைக்கும் மிதக்கிறது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

இருநூறு வருஷம் மிதக்கிற கப்பலைச் செய்யத் தெரிந்த கைகள், ஒரு காகிதம் வரவில்லை என்பதற்காகக் காத்திருந்தன! இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நானும் லேத் முன்னால் நின்று, டிராயிங் எப்போது வரும், எந்த ரிவிஷன் வரும் என்று எத்தனையோ ஷிஃப்ட் காத்திருக்கிறேன். தம்பிகளின் கேள்விக்குள் இருப்பதும் இந்த வேதனைதான். இன்னொன்றும் பாருங்க. அந்த இங்கிலீஷ் வரைபடமே அவர்களுடைய சொந்தச் சரக்கில்லை. 1782இல் பிடிபட்ட ஹெபே என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்து வரைந்தது அது. வடிவமைப்பு யாருக்கும் பரம்பரைச் சொத்தல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அர்தசீர் வளர்ந்த காலத்தில் நிலைமை இன்னும் மாறியது. நீராவி வந்துவிட்டது. 1829இல் பம்பாயிலேயே ஹியூ லிண்ட்சே என்ற நீராவிக் கப்பலைக் கட்டினார்கள். மரவேலையெல்லாம் நம்மவர்களுடையது. எஞ்சின் மட்டும் இங்கிலாந்திலிருந்து வந்தது. உடம்பு இங்கே, உயிர் அங்கே. அனுபவமுள்ள தச்சன் எத்தனை பேர் இருந்தாலும், இந்த எஞ்சின் ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அர்தசீர் அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்.

அவர் என்ன செய்தார்? விண்ணப்பம் போட்டுவிட்டுச் சும்மா உட்காரவில்லை. முதலில் ஒரு குதிரைத்திறன் கொண்ட சின்ன நீராவி எஞ்சினைத் தானே செய்தார். வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க அதை வைத்தார். 1833இல் இண்டஸ் என்ற 60 டன் கப்பலுக்கு நீராவி எஞ்சின் பொருத்திக் கடலில் ஓட்டினார். அந்த வேலை முழுவதையும் நம் நாட்டுத் தொழிலாளிகளை வைத்தே முடித்தார். 1834இல் மஜகாவ் பகுதியில் இருந்த தன் வீட்டில் வாயு விளக்கு ஏற்றிக் காட்டினார். மின்சார விளக்கு வருவதற்கு எத்தனையோ வருஷம் முந்தின சங்கதி இது. கவர்னரே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இதற்கெல்லாம் பிறகுதான் அவர் வெளிநாடு கிளம்பினார். வரிசையைக் கவனியுங்கள். முதலில் கையால் செய்தார். செய்ததில் எது புரியவில்லை என்று கண்டுகொண்டார். அதைத் தெரிந்துகொள்ளக் கடல் கடந்தார்.

1838இலேயே அவர் உறவினர்கள் இருவர், ஜெஹாங்கீர் நவ்ரோஜி, ஹிர்ஜிபாய் மெர்வான்ஜி ஆகியோர், கப்பல் வடிவமைப்புக் கற்க இங்கிலாந்து போய்ச் சாத்தம் கப்பல் துறையில் படித்துக்கொண்டிருந்தார்கள். மறுவருஷம் 1839இல் அர்தசீர் புறப்பட்டார். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869இல்தான். பம்பாயிலிருந்து சூயஸ் வரை கப்பல், அங்கிருந்து பாலைவனத்தைத் தரைவழியே தாண்டி எகிப்து, பிறகு மத்தியதரைக் கடலில் இன்னொரு கப்பல். செலவு அவருடைய சொந்தப் பணம். 1840இல் அந்தப் பயணத்தின் நாட்குறிப்பைப் புத்தகமாகவே வெளியிட்டார்.

லண்டன் போனதும் அரண்மனையும் கண்காட்சியும் பார்த்துத் திரும்பி வந்திருந்தால் இன்று அவரைப் பற்றி நாம் பேசமாட்டோம். அவர் போனது எஞ்சின் செய்யும் தொழிற்சாலைகளுக்கு. கப்பலுக்கேற்ற நீராவி எஞ்சினை எப்படித் திட்டமிடுகிறார்கள், எப்படி வார்க்கிறார்கள், எப்படிப் பொருத்துகிறார்கள் என்று கூட இருந்து கற்றுக்கொண்டார். பட்டறையில் வளர்ந்தவர் என்பதால் அவர் கேட்ட கேள்விகள் வெறும் பார்வையாளரின் கேள்விகளாக இருந்திருக்காது. எங்கே கசியும், எங்கே தேயும், எங்கே ஸ்பானர் நுழையாது என்பது கைக்குத் தெரிந்த மனிதர் அல்லவா?

1841 மே 27ஆம் தேதி லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கௌரவம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அடுத்த இந்தியருக்கு அது கிடைக்க 77 வருஷம் ஆயிற்று. 1918இல் அதைப் பெற்றவர் நம்ம கணித மேதை ராமானுஜன். ஒருவர் பம்பாய்க் கப்பல் துறையில் வேலை பார்த்தவர். மற்றவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். இன்னொரு விஷயம் முக்கியம். அர்தசீரைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணங்களில் 60 டன் கப்பலில் எஞ்சின் வைத்ததும் பம்பாயில் வாயு விளக்கு ஏற்றியதும் இருந்தன. அதாவது, வெளிநாட்டில் படித்ததை மட்டும் அவர்கள் மதிக்கவில்லை. ஊரில் கையால் செய்து பார்த்ததைத்தான் எடுத்துச் சொன்னார்கள்.

அதே வருஷம் பம்பாய் நீராவித் தொழிற்சாலையின் தலைமைப் பொறியாளராகவும் எந்திரங்களின் ஆய்வாளராகவும் அவர் பொறுப்பேற்றார். ஐரோப்பியர்கள் ஒரு இந்தியரின் கீழ் வேலை செய்ய வேண்டிய நிலை. சும்மா விடுவார்களா? பம்பாய் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று, எவ்வளவு திறமை இருந்தாலும் ஒரு இந்தியரிடம் இந்தப் பொறுப்பைத் தரக்கூடாது என்கிற ரீதியில் எழுதியது. அர்தசீர் சண்டைக்குப் போகவில்லை. 1857இல் ஓய்வுபெறும் வரை பதினாறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வேலையைச் செய்து காட்டினார். நடுவில் 1849இல் அமெரிக்காவும் போய் வந்து, மரம் அறுக்கும் எந்திரங்களைப் பம்பாய்த் துறைக்கு வரவழைத்தார். 1851இல் லவ்ஜி ஃபேமிலி என்ற நீராவிக் கப்பலை வெள்ளோட்டம் விட்டார். அதன் எந்திர உறுப்புகள் அவருடைய சொந்த வார்ப்படப் பட்டறையிலேயே செய்தவை. உயிரும் இங்கேயே பிறந்தது!

பிற்காலத்தில் சிந்து நதிப் படகுப் போக்குவரத்தில் சில காலம் பணியாற்றினார். 1863க்குப் பிறகு இங்கிலாந்திலேயே போய்க் குடியேறினார். லண்டனுக்குப் பக்கத்தில் ரிச்மண்டில் 1877 நவம்பர் 16ஆம் தேதி காலமானார்.

அவரைத் தெய்வமாக்க நான் எழுதவில்லை. பணமும் பெயரும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். சொந்தச் செலவில் கப்பலேற முடிந்தவர். நம்மில் பலருக்கு பாஸ்போர்ட் எடுக்கிற செலவே யோசனைதான். அவர் ஒருவர் மேலே வந்ததால் நாட்டின் நிலைமையும் மாறிவிடவில்லை. இரும்புக் கப்பல் காலம் வந்ததும் பம்பாய்த் தேக்குக் கப்பல்களின் பெருமை மங்கிப்போனது. இதையெல்லாம் மறைக்கக்கூடாது. ஆனால் கையில் எண்ணெய்க் கறையோடு தொடங்கியவன் டிராயிங் போர்டுக்குப் போகலாம் என்பதை அவர் வாழ்க்கை நிரூபித்துவிட்டது.

இனி என் கதை கொஞ்சம். டிப்ளமோ முடித்து நாலு வருஷம் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டினேன். திருத்தணியிலிருந்து விடியற்காலை ரயில், அரக்கோணத்திலேயே தூக்கம். சாயங்காலத்தில் கம்ப்யூட்டர் டிராயிங் கற்றேன். வெளிநாட்டு டிசைன் வேலைக்கு முதல் இன்டர்வியூ வந்தபோது, மெஷின் ஓட்டின நாலு வருஷத்தை ஏதோ குற்றம்போல மூடி மறைத்தேன். ஒரு உறுப்பின் வரைபடத்தைக் காட்டி இதில் என்ன தப்பு என்று கேட்டார்கள். உள்மூலைகள் எல்லாம் கூர்மையாக வரைந்திருந்தன. சுழல்கிற கட்டர் உள்மூலையில் வளைவு விடாமல் வெட்டாது என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் இது பட்டறை விஷயம், டிசைன்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். வேலை கிடைக்கவில்லை. அவர்கள் எதிர்பார்த்த பதிலே அதுதான் என்று பிறகு தெரிந்தது. இரண்டாவது இன்டர்வியூ வேறொரு கம்பெனியில். அங்கே முதல் வாக்கியமே நான் நாலு வருஷம் மெஷின் ஓட்டியவன் என்று ஆரம்பித்தேன். அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் புறப்படுகிறேன்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே! ப்ரொடக்ஷனில் சேர்ந்தால் வெட்கப்படாதீர்கள். அங்கே இருக்கும்போது ஒவ்வொரு டிராயிங்கையும் பார்த்து, இந்த அளவு ஏன், இந்த டாலரன்ஸ் ஏன் என்று கேளுங்கள். பதில் கிடைக்காத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் பாஸ்போர்ட்.

நம்ம ஊர் மலைக்கு 365 படி என்பார்கள். வருஷக் கடைசியில் படித்திருவிழா அன்று ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துப் பூஜை செய்துகொண்டே ஏறுவார்கள். மேலே போகவேண்டும் என்பதற்காக யாரும் கீழ்ப்படியை அலட்சியம் செய்வதில்லை. அர்தசீர் குர்செட்ஜியும் அப்படித்தான் ஏறினார். நாமும் ஏறுவோம்.