1931 பகிஷ்கரிப்பும் ஒரு வாத்தியாரும்

வடக்கில் தேர்தல் வந்தால் பகிஷ்கரிப்பு என்ற சொல்லும் கூடவே வரும். 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணம் ஏறக்குறைய முழுவதுமாக வாக்களிக்காமல் இருந்தபோது நான் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு 74 வருடங்களுக்கு முன்பே இதே மண்ணில் ஒரு பகிஷ்கரிப்பு நடந்ததென்று பின்னர்தான் அறிந்தேன். அதைத் தேடிப் போனபோது வந்து நின்ற பெயர் ஹன்டி பேரின்பநாயகம்.

1899 இல் பிறந்த அவர், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து, அங்கேயே ஆசிரியரானவர். 1924 இல் நண்பர்களோடு சேர்ந்து மாணவர் காங்கிரஸைத் தொடக்கினார். அதுவே பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. அதன் முதுகெலும்பு இளம் ஆசிரியர்களும் மாணவர்களும்தான். சாதியையும் சீதனத்தையும் எதிர்த்தார்கள், பாடசாலைகளில் சம ஆசனமும் சமபந்தியும் கேட்டார்கள், இலங்கை முழுவதற்கும் சுயராச்சியம் வேண்டுமென்றார்கள். 1926 இல் பண்டாரநாயக்க யாழ்ப்பாணம் வந்து சமஷ்டி பற்றிப் பேசியது இவர்களுடைய மேடையில்தான். 1927 இல் காந்தி வந்ததும் இவர்களுடைய அழைப்பில்.

டொனமூர் அரசியலமைப்பு 1931 இல் எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்தது, சுயராச்சியத்தைக் கொடுக்கவில்லை. ஆகவே அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்க வாலிபர் காங்கிரஸ் தீர்மானித்தது. கையில் பதவியோ பணமோ இல்லாத இந்த இளைஞர்கள் ஊர் ஊராகக் கூட்டம் வைத்தார்கள். போட்டியிட இருந்த பெரிய மனிதர்களும் அந்த அலைக்கு முன்னால் ஒதுங்கினார்கள். மே 4 ஆம் திகதி யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனு கொடுக்கவில்லை.

தெற்கும் தங்களைப் பின்தொடரும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். தெற்கிலிருந்து சில பாராட்டுகள் வந்தன, பகிஷ்கரிப்பு வரவில்லை. சபை கூடியது, நிர்வாகக் குழுக்கள் அமைந்தன, கொள்கைகள் அங்கே தீர்மானிக்கப்பட்டன. குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. அந்த வருட இடைத்தேர்தலில் அருணாசலம் மகாதேவாவும் ஜி. ஜி. பொன்னம்பலமும் சபைக்குப் போனார்கள். ஆசனங்களை வெறுமையாக்கியவர்கள் வாலிபர் காங்கிரஸ்காரர், அவற்றை நிரப்பியவர்கள் வேறு ஆட்கள். அதன் பிறகு தமிழ் அரசியல் ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையை நோக்கித் திரும்பியது. 1939 இல் வாலிபர் காங்கிரஸ் அதை மறுத்து ஒரு சிறு நூல் வெளியிட்டது. அப்போது அதைக் கேட்க ஆட்கள் குறைவு.

பேரின்பநாயகம் வகுப்பறையைக் கைவிடவில்லை. 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபராக இருந்தார். 1976 இல் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது அவர் படித்த, படிப்பித்த அதே வட்டுக்கோட்டையில். ஒன்றுபட்ட இலங்கைக்காக இளமையைச் செலவழித்த மனிதர் அதற்கு அடுத்த வருடம் இறந்தார்.

அவரை மட்டும் வைத்து 1931 ஐ விளக்கிவிட முடியாது. தனி ஒரு வாத்தியாரால் நான்கு தொகுதிகளை வெறுமையாக்க முடியாது. அதைச் செய்தது ஒரு கூட்டு இயக்கம். அந்த இயக்கத்தின் பலவீனமும் அங்கேதான் இருந்ததாக நான் நினைக்கிறேன். வெளியே நிற்பதற்கு ஊரைத் திரட்டினார்கள், வெளியே நின்றபடி சபைக்குள் நடப்பதை மாற்ற வழி வைத்திருக்கவில்லை. கொழும்பில் கூட்டாளிகளை உறுதிசெய்யாமலே முடிவெடுத்தார்கள்.

ஆனாலும் 1931 இல் சனத்தோடு பேசினார்கள், வாதாடினார்கள், இணங்க வைத்தார்கள். பகிஷ்கரிப்பு என்று யாராவது மறுபடி சொல்லும்போது நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். இந்த முடிவை எடுப்பது யார்? தேர்தலுக்கு அடுத்த நாள் செய்யப் போவது என்ன? முதலாவதுக்கு பேரின்பநாயகத்திடம் பதில் இருந்தது. இரண்டாவதுக்கு அவரிடமும் இருக்கவில்லை.