ஸ்ரீமந் நாதமுனிகள் பெற்ற பேறு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமான் நமக்கென ஒரு சொல் அருளவில்லையே என்று துயருற்ற நாள்களில் நாம் குறைப்பட்டதுண்டு. அக்குறை தீர்த்தது ஸ்ரீமந் நாதமுனிகளின் சரிதம்.

வீரநாராயணபுரம் எனப்படும் காட்டுமன்னார்கோயிலில், ஈச்வரபட்டரின் திருக்குமாரராக ஆனி அநுஷத்தில் அவதரித்தவர் நாதமுனிகள். அங்கு மன்னனாரை மங்களாசாஸனம் செய்ய வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் சிலர், திருக்குடந்தை ஆராவமுதன் விஷயமான பத்துப் பாசுரங்களை ஸேவித்தனர். அவை குருகூர்ச் சடகோபர் அருளிய ஆயிரத்தில் ஒரு பத்து என்பதை நிகமனப் பாசுரத்தால் அறிந்த நாதமுனிகள், மற்றவற்றையும் வேண்டினார். வந்தவர்கள் அறிந்தது அப்பத்து மட்டுமே. கிடைத்த பத்தில் நிறைவு கொள்ளாமல், கிடைக்காதவற்றுக்காக அவர் திருவுள்ளம் கலங்கிற்று.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரிக்கு எழுந்தருளி, மதுரகவியாழ்வாரின் சிஷ்ய வம்சத்தவரான பராங்குசதாஸரை அடிபணிந்து கேட்டார். பாசுரங்கள் வழக்கொழிந்தன என்றும், எஞ்சியது மதுரகவிகளின் கண்ணிநுண்சிறுத்தாம்பே என்றும், அதனை ஆழ்வார் திருமுன்பே 12,000 உரு ஸேவித்தால் ஆழ்வார் அருள்புரிவார் என்றும் அவர் தெரிவித்தார்.

வங்கியில் கணக்கெழுதியே காலம் கழித்த நாம் இதனையும் கணக்கிட்டுப் பார்த்தோம். 11 பாசுரங்கள் 12,000 முறை. ஆக 1,32,000 பாசுரங்கள். இத்தனையிலும் நாதமுனிகள் தமக்காக வேண்டிய சொல் ஒன்றுமில்லை. அனைத்தும் ஓர் ஆசார்யரைப் பற்றி அவர் சிஷ்யர் பேசியவையே.

திருப்புளியாழ்வார் அடியில் அவ்வாறு ஸேவித்து முடித்தவருக்கு நம்மாழ்வார் யோகத்தில் காட்சியளித்து, ஆயிரம் வேண்டியவருக்கு நாலாயிரத்தையும் அர்த்தங்களோடு உபதேசித்தருளினார் என்று குருபரம்பரை கூறும்.

பெற்றதை நாதமுனிகள் தம்மளவில் வைத்துக்கொள்ளவில்லை. மருமக்களான கீழையகத்தாழ்வானையும் மேலையகத்தாழ்வானையும் கொண்டு இசைகூட்டிப் பரப்பினார். யோக ரஹஸ்யத்தையோ குருகைகாவலப்பன் ஒருவருக்கே உபதேசித்தார். திருப்பேரனாரான ஆளவந்தார் அதனைப் பெறக் குறித்த நாளைத் தவறவிட்டார். அது அப்பனோடு மறைந்தது. உய்யக்கொண்டார் வழியே வந்த பாசுரங்களோ கடல் கடந்த ஊர்களிலும் இன்று அடியார் இல்லங்களில் ஒலிக்கின்றன.

புளியமரத்தடியில் ஒருவருக்குத் தனியே அருளிய சொல் நம் அனைவருக்குமாக அருளியதே அன்றோ! நாள்தோறும் நாம் ஸேவிக்கும் பாசுரமே நமக்கு வந்த சொல் என்று தேறினோம். இனி நமக்குள்ள கடமை, அதனை நம் இளையோருக்குச் சொல்லிவைப்பதே.

நாதமுனிகள் திருவடிகளே சரணம்.