கறுப்பு வெள்ளையை விடாத மா. கிருஷ்ணன்

பால்கனிக்கு வரும் மீன்கொத்தியையும் மொட்டை மாடித் தொட்டியில் குளிக்கும் மைனாவையும் படமெடுத்துக் குழுவில் பகிர்பவர்கள் நம் குடியிருப்பில் பெருகிவிட்டார்கள். கைபேசியில் ஒரு தட்டுத் தட்டினால் அந்தப் படம் கறுப்பு வெள்ளை ஆகிவிடும். பிடிக்காவிட்டால் மறுபடி வண்ணத்துக்கே மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றிக்கொள்ள வழியில்லாத காலத்தில், வண்ணச் சுருள் கடையில் கிடைத்தும், கறுப்பு வெள்ளையில் மட்டுமே காட்டுயிர்களைப் படம் பிடித்தவர் மா. கிருஷ்ணன்.

1912-இல் திருநெல்வேலியில் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. வளர்ந்தது மயிலாப்பூரில். தந்தை 1925-இல் காலமானபோது இவருக்கு வயது பதிமூன்று. மாநிலக் கல்லூரியில் இவருக்குத் தாவரவியல் கற்பித்தவர் பேராசிரியர் பைசன். அவரோடும் அவர் மனைவியோடும் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி தேடிப் போனார். நீர்வண்ண ஓவியம் தீட்டும் நுணுக்கத்தை அந்த அம்மையாரிடம்தான் கற்றுக்கொண்டார். ஆகவே வண்ணம் தெரியாமல் அவர் கறுப்பு வெள்ளைக்குப் போகவில்லை!

சட்டமும் படித்தார். ஆனாலும் நிலையான வேலை எளிதில் அமையவில்லை. 1942-இல் பெல்லாரி அருகே உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் இடம் கிடைத்தது. அங்கே ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகள் பார்த்தார். மிச்ச நேரத்தில் ஆடு மேய்த்தார், புறா வளர்த்தார், காடு சுற்றினார். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு சென்னை திரும்பியவர், அதற்குமேல் எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 46 ஆண்டுகள் எழுதினார்.

அவர் கேமராவே ஒரு கதை. உடல் ஒரு கம்பெனி, தொலைவு லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்ற உதிரிகள் எங்கெங்கிருந்தோ. எல்லாவற்றையும் தாமே பொருத்திக்கொண்டார். காட்டுயிர் எழுத்தாளர் இ.பி. ஜீ அதைப் பார்த்துவிட்டு, எங்கோ கம்பி வைத்துக் கட்டியிருப்பார் என்று கிண்டலாக எழுதினார்.

பறவையைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. வேப்பிலைக்கு நடுவே கிளி உட்கார்ந்தால் இரண்டுமே ஒரே சாம்பல் நிறமாகி, கிளி காணாமல் போகும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று பிரிந்து தெரியும் சிவப்பும் பச்சையும்கூட ஒன்றாகிவிடலாம். நிறம் கைகொடுக்காதபோது உருவம், நிற்கும் தோரணை, வெளிச்சம் விழும் பக்கம், பின்னால் இருக்கும் இருட்டு இவைதான் பறவையைக் காட்ட வேண்டும். நிழல் படிந்த தண்ணீர் பின்னால் இருந்தால் கொக்கு தனியே எழும்பி நிற்கும். ஆனால் வெயில் கொஞ்சம் அதிகமானாலும் வெள்ளை இறகின் மடிப்பெல்லாம் வெளுத்துவிடும். இன்று இதைக் கணினியில் ஓரளவு சரிக்கட்டலாம். அன்று சுருளில் பதியும் முன்பே மனத்துக்குள் நிறத்தைக் கழித்துப் பார்த்தாக வேண்டும். கிருஷ்ணனிடம் ஓவியரின் கண்ணும் இருந்தது, செடி கொடி அறிவும் இருந்தது. அவர் படங்களில் விலங்கு தன் இடத்தோடு சேர்ந்து நிற்பதற்கு இவை இரண்டுமே காரணம் என்று நினைக்கிறேன்.

எழுபது எண்பதுகளில் பத்திரிகைகளில் வண்ணப் படங்களுக்கு மவுசு ஏறியது. மாதச் சம்பளம் இல்லாதவருக்கு இது சின்ன விஷயமல்ல. அவர் அப்போதும் மாறவில்லை. பிடிவாதம் என்றே வைத்துக்கொள்வோம். அழகுக்காக அயல்நாட்டு மரங்களை நடுவதையும் அதே பிடிவாதத்தோடுதான் எதிர்த்தார்.

1968-இல் நேரு நல்கை பெற்றார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தென்னிந்தியப் பாலூட்டிகளை நேரில் பார்த்துத் திரட்டிய குறிப்புகள் 1975-இல் நூலாயின. 1996 பிப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார்.

அவருடைய படங்களையும் கட்டுரைகளையும் சேர்த்து ‘ஐ இன் த ஜங்கிள்’ என்ற ஆங்கில நூல் 2006-இல் வந்தது. தமிழில் படிக்க விரும்புவோருக்கு ‘மழைக்காலமும் குயிலோசையும்’, ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்ற இரு தொகுப்புகள் உண்டு.