பில் ஹாமில்டன்

சர் சார்ல்ஸ் வில்லியம் ஃபீல்டன் ஹாமில்டன் (ஜூலை 26, 1899 – மார்ச் 30, 1978) நியூசிலாந்தைச் சேர்ந்த பொறியாளரும் தொழில் முனைவோரும் ஆவார். பில் ஹாமில்டன் என்ற பெயராலேயே இவர் பரவலாக அறியப்படுகிறார். வழக்கமான விசைப்படகுகள் தரைதட்டி நின்றுவிடும் ஆழமற்ற ஆறுகளிலும் ஓதக் கால்வாய்களிலும் மிகுந்த வேகத்துடன் செல்லவல்ல தாரைப் படகை (ஜெட் படகு) நடைமுறைக்குக் கொண்டு வந்தவர் இவர். 1977 ஆம் ஆண்டு எட்மண்ட் ஹிலாரி கங்கை ஆற்றில் கடல்முகத்திலிருந்து இமயமலை நோக்கி மேற்கொண்ட பயணத்தில் பயன்பட்டவை இவ்வகைப் படகுகளே.

இளமையும் பண்ணை வாழ்வும்

ஹாமில்டன் நியூசிலாந்தின் தென் தீவில், ஃபேர்லி என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஆஷ்விக் பண்ணையில் பிறந்தார். 1921 இல் மெக்கன்சி சமவெளியிலுள்ள ஐரிஷ்மன் கிரீக் என்னும் ஆட்டுப்பண்ணையை வாங்கினார். 1923 இல் பெக்கி என அழைக்கப்பட்ட மார்கரெட் வில்ஸ் என்பவரை மணந்தார். கார்ப் பந்தயங்களிலும் இவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது.

பண்ணைக்கு மின்சாரம் வேண்டும் என்பதற்காகத் தாமே ஒரு சிறு நீர்மின் நிலையத்தை அமைக்க முற்பட்டார். அதற்கான அணைக்கு மண் தோண்டும் கருவி தேவைப்படவே, அதனையும் தம் பட்டறையிலேயே உருவாக்கினார். தேவைக்காகச் செய்த அக்கருவி பிறகு விற்பனைக்கும் சென்றது. பண்ணைப் பட்டறை தொழிற்சாலையாக வளர்ந்தது இவ்வாறுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கு போர்த் தளவாடங்கள் செய்யப்பட்டன. பின்னர் நிறுவனம் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு விரிவடைந்தது.

தாரைப் படகு

மெக்கன்சி சமவெளியின் ஆறுகள் பனிமலைகளில் தோன்றிக் கூழாங்கற் படுகைகளில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுபவை. விரைவு மிகுதி, ஆழமோ பல இடங்களில் முழங்காலளவுகூட இல்லை. ஓடும் தடமும் வெள்ளத்துக்கு வெள்ளம் மாறிவிடும். படகின் அடியில் நீண்டிருக்கும் உந்துசுருள் இத்தகைய ஆற்றில் கல்லில் மோதி உடைந்துவிடும். கழிமுகங்களிலுள்ள ஓதக் கால்வாய்களிலும் இதே இடர்ப்பாடு உண்டு. அங்கே மணல்திட்டுகள் இடம் மாறுவதோடு, நீர் வற்றும்போது சிக்கிய படகு அடுத்த ஏற்றம் வரை மணிக்கணக்கில் காத்துக் கிடக்க நேரிடும்.

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லில் காவிரிப் பாறைகளுக்கிடையே செல்லும் பரிசலைக் கண்டவர்களுக்கு இச்சிக்கல் எளிதில் விளங்கும். தட்டையான அடிப்பகுதியும் குறைந்த எடையும் இருப்பதால் பரிசல் மிகக் குறைந்த நீரிலும் மிதக்கும். ஆனால் துடுப்பால் செலுத்தப்படும் பரிசலைக் கொண்டு விரைந்தோடும் நீரை நெடுந்தொலைவு எதிர்த்துச் செல்ல இயலாது. ஹாமில்டன் விரும்பியதோ நீரோட்டத்தை எதிர்த்து ஏறிச்செல்லும் படகு.

அமெரிக்காவில் அதற்கு முன்பே ஹான்லி என்ற பெயரில் நீர்த்தாரைக் கருவி ஒன்று இருந்தது. படகின் அடியிலிருந்து நீரை உறிஞ்சி, அடியிலேயே உள்ள திருப்பக்கூடிய குழல்வாய் வழியாக வெளியேற்றுவது அதன் முறை. 1950களின் தொடக்கத்தில் ஹாமில்டன் இம்முறையைச் செய்து பார்த்தார். வேகம் போதவில்லை. குழல்வாயை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, படகின் பின்புறத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று அவரது ஊழியர் ஒருவர் கூறினார். 1954 இல் உருவான இப்படகில் அடிப்பகுதிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு எதுவும் இல்லாது போயிற்று. சிறிய இட மாற்றம்தான். ஆனால் தாரைப் படகின் வெற்றி அதில்தான் அடங்கியிருந்தது.

நீர்த்தாரை பின்னாலுள்ள நீரைத் தள்ளுவதால்தான் படகு நகர்கிறது என்று பலர் எண்ணுவதுண்டு. இது தவறு. எக்கி நீரை விரைவுபடுத்திப் பின்னோக்கி எறிவதன் எதிர்விசையே படகை முன்செலுத்துகிறது (நியூட்டனின் மூன்றாம் விதி). ஆகவே தாரை காற்றில் பாய்ந்தாலும் உந்துவிசை குறைவதில்லை. தாரையைப் பக்கவாட்டில் திருப்பிப் படகைத் திருப்பலாம். அதனை முன்னோக்கி மடக்கினால் படகு விரைவில் நின்றுவிடும். வேகமெடுத்து நீரின் மேற்பரப்பில் வழுக்கிச் செல்லும்போது சில அங்குல ஆழமே போதுமானது.

குறைகளும் உண்டு. பொறி நின்றால் தாரை நின்றுவிடும், அத்துடன் திருப்பும் ஆற்றலும் போய்விடும். உறிஞ்சுவாயில் களை அடைத்துக்கொள்வதும், மணல் எக்கியைத் தேய்ப்பதும் வழக்கமான தொல்லைகள். தொடக்க காலப் படகுகளில் இருந்த மையவிலக்கு எக்கிக்குப் பதிலாக 1950களின் பிற்பகுதியில் அச்சுவழிப் பாய்வு எக்கி பயன்படுத்தப்பட்டது. அதன் பிறகே படகுகளின் வேகம் பெரிதும் கூடியது.

கொலராடோவும் கங்கையும்

1960 இல் ஹாமில்டன் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் வழியே நீரோட்டத்தை எதிர்த்து ஏறின. அங்ஙனம் சென்ற முதற் படகுகள் இவையே. இவரது மகன் ஜான் ஹாமில்டன் ஓட்டுநர்களுள் ஒருவர்.

ஹிலாரி 1968 இல் நேபாளத்தின் சுன் கோசி ஆற்றில் தாரைப் படகுகளைப் பயன்படுத்தினார். 1977 இல் கங்கைப் பயணம் நடந்தது. கங்கா, ஏர் இந்தியா, கிவி எனப் பெயரிடப்பட்ட மூன்று படகுகள் வங்கக் கடலோரத்திலுள்ள கங்காசாகரிலிருந்து புறப்பட்டன. 1965 இல் எவரெஸ்ட் ஏறிய இந்தியக் குழுவின் தலைவர் மோகன் சிங் கோலி இக்குழுவில் இடம்பெற்றிருந்தார். ஜான் ஹாமில்டனும் உடன் சென்றார். ஓதம் ஏறி இறங்கும் சேற்று நீரில் தொடங்கிய பயணம், ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் கடந்து, நந்தப்பிரயாகை அருகே அருவி குறுக்கிட்டதால் நின்றது. ஒரே வகைப் படகு கழிமுகத்துக்கும் மலையாற்றுக்கும் பொருந்தியது இப்பயணத்தின் சிறப்பு.

கண்டுபிடிப்பாளர் யார்?

தாரைப் படகைக் கண்டுபிடித்தவர் என்று தம்மைக் குறிப்பிடுவதை ஹாமில்டன் ஏற்கவில்லை. அப்பெருமை ஆர்க்கிமிடீசைச் சேர வேண்டும் என்பது அவரது கருத்து. நீரை உயர்த்தும் ஆர்க்கிமிடீசின் திருகு நினைவில் இருந்திருக்கலாம். தாரை உந்துமுறை இவருக்கு முன்பே இருந்தது என்பதும், குழல்வாய் பற்றிய யோசனை ஊழியருடையது என்பதும் உண்மையே. எனினும், பயன்படாத நிலையிலிருந்த முறையை எவரும் நம்பி ஏறக்கூடிய படகாக்கியது ஹாமில்டனின் பட்டறைதான்.

இறுதிக் காலம்

1961 இல் பிரித்தானியப் பேரரசின் ஓ.பி.ஈ. விருதும், 1974 இல் சர் பட்டமும் இவருக்கு வழங்கப்பட்டன. மனைவி பெக்கி இவரது வாழ்க்கையை வைல்ட் ஐரிஷ்மன் என்னும் நூலாக எழுதியுள்ளார். கங்கைப் பயணம் முடிந்த சில மாதங்களில், 1978 மார்ச் 30 அன்று ஹாமில்டன் காலமானார். கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள இவரது நிறுவனம் சுற்றுக்காவற் படகுகள், பயணிகள் படகுகள் முதலியவற்றுக்கான தாரை உந்திகளைத் தொடர்ந்து தயாரித்து வருகிறது.